கார்ட்லெஸ் ட்ரில்லில் வயர் இல்லை... சுவருக்குள் இருக்கே! - வீட்டில் துளை போடும் முன் கவனிக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆஃபரில் வாங்கிய கார்ட்லெஸ் ட்ரில் டப்பாவைப் பிரித்தாச்சு. ஹாலில் ஒரு ஷெல்ஃப் மாட்டணும். எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மெயினை ஆஃப் செய்துவிட்டு, ட்ரில்லைச் சுவரில் வைக்கிறீர்கள். அப்போதுதான் கவனிக்கிறீர்கள், தலைக்கு மேல் ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

காரணம், இன்வெர்ட்டர். மெயின் ஆஃப் ஆனதும் ‘கரன்ட் போயிருச்சு’ என்று எடுத்துக்கொண்டு அது தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. அதாவது, சுவருக்குள் ஓடும் சில வயர்களில் இப்போதும் 230 வோல்ட் இருக்கிறது.

‘பேட்டரியில் ஓடுற மெஷின்தானே, ஷாக் அடிக்காது’ என்பதுதான் பலரும் செய்யும் தப்புக் கணக்கு. ட்ரில்லின் பேட்டரி ஷாக் அடிக்காமல் இருக்கலாம். ஆனால், அதன் முனை சுவருக்குள் இருக்கும் வயரைத் தொட்டால் நிலைமை வேறு. இந்த மெஷினை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பராமரிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட்... எது பெரிசு?

பெரும்பாலும் மூன்றும் ஒன்றுதான். லித்தியம் அயன் செல் ஒன்றின் சராசரி அளவு 3.6 வோல்ட். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். அதே செல் ஃபுல் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும்; ஐந்துக்கும் சேர்த்து 21 வோல்ட். எந்த எண்ணைப் பெட்டியில் போடுவது என்பது கம்பெனியின் விருப்பம். 12 வோல்ட் ட்ரில்லில் மூன்று செல்கள் இருக்கும். ஃபர்னிச்சர் மாட்ட, ஸ்க்ரூ முடுக்க அதுவே போதும். எனவே மாடல் பெயரில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல், பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பாருங்கள்.

எந்தப் பட்டன் எதற்கு?

டிரிகருக்கு மேலே இருக்கும் தள்ளு பட்டன், ட்ரில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதை நடுவில் வைத்தால் டிரிகர் லாக் ஆகிவிடும். பிட் மாற்றும்போது, கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறும்போது எல்லாம் நடுவில்தான் இருக்கணும். பிட் மாற்றும்போது பேட்டரியையே கழற்றிவிட்டால் இன்னும் நல்லது.

மேலே இருக்கும் 1, 2 என்பது கியர். 1-ல் வேகம் குறைவு, திருகும் விசை அதிகம். ஸ்க்ரூ போட இதுதான் சரி. 2 துளை போடுவதற்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் உள்ளே பல் சக்கரம் தேய்ந்துவிடும்.

எண்கள் போட்ட வளையம் கிளட்ச். ஸ்க்ரூ போதுமான அளவு இறங்கியதும் ‘டர்ர்’ என்ற சத்தத்தோடு விசை நின்றுவிடும். சின்ன எண்ணில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் ஏற்றுங்கள். ஸ்க்ரூ தலை மழுங்காமல் தப்பிக்கும். சுத்தியல் படம் போட்ட ஹேமர் மோடு செங்கல், கான்கிரீட்டுக்கு மட்டும்தான். மரம், இரும்பு, டைல்ஸ் எதற்கும் அது வேண்டாம்.

பிட்டும் அப்படித்தான். சுவருக்குக் கார்பைடு முனை கொண்ட மேசன்ரி பிட், மரத்துக்கு நடுவில் கூர்முனை உள்ள பிட், இரும்புக்கு ஹெச்எஸ்எஸ் பிட். 8 எம்எம் பிளக் என்றால் 8 எம்எம் பிட்.

சுவருக்குள் வயர் எங்கே போகிறது?

முக்கியமான கேள்வி இதுதான். சுவிட்ச் போர்டுக்கு வரும் பைப் பெரும்பாலும் சீலிங்கிலிருந்து நேராகக் கீழே இறங்கும். எனவே சுவிட்ச் போர்டு, லைட் பாயின்ட், ஏசி பாயின்ட் ஆகியவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடாதீர்கள். இரண்டு போர்டுகள் பக்கத்தில் இருந்தால் நடுவில் இருக்கும் இடமும் சந்தேகத்துக்கு உரியதுதான். பாத்ரூம், கிச்சனில் குழாய்க்கு மேலும் கீழும் தண்ணீர் பைப் போகும். ஆனால், எல்லா வீட்டிலும் வயரை நேர்கோட்டில்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வாடகை வீடு என்றால் ஓனரிடமோ, வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதன் பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்:

* வேலை செய்யும் ஒரு பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.
* மெயினை ஆஃப் செய்யுங்கள்.
* இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்யுங்கள். ஃபேன், லைட் எல்லாம் நின்றிருக்க வேண்டும்.
* துளை போடும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பாயின்ட்களில் மறுபடி டெஸ்டர் வையுங்கள். எங்கும் எரியக் கூடாது.

இங்கேதான் கார்ட்லெஸ் ட்ரில்லின் உண்மையான லாபம். வீடு முழுக்கக் கரன்ட்டை நிறுத்திவிட்டும் இது ஓடும். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

துளை போடும்போது...

கண்ணாடி, மாஸ்க் இரண்டும் கட்டாயம். சிமென்ட், செங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலுக்குக் கெடுதல். என்95 மாஸ்க் நல்லது. ஆனால், கையுறை வேண்டாம். சுற்றும் பிட்டில் துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, தொளதொள சட்டைக்கை, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு, விரித்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சக்கரம் வைத்த ஆபீஸ் சேரில் ஏறி நின்று ட்ரில் போடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிட் திடீரென மாட்டிக்கொண்டால், ட்ரில்லின் உடல் உங்கள் கையோடு திரும்பும். மணிக்கட்டு பிசகுவது இப்படித்தான். பக்கக் கைப்பிடி கொடுத்திருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், இரண்டு கையாலும் பிடியுங்கள். சிக்கிய பிட்டைப் பிடுங்காமல், ரிவர்ஸ் போட்டு மெதுவாக வெளியே எடுங்கள். வெளியே வந்த பிட் சுடும்; உடனே தொட வேண்டாம்.

எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். டைல்ஸ் என்றால் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட்டைப் போட்டு, ஹேமர் இல்லாமல் மெதுவாக ஆரம்பியுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகு சுவர் பிட்டுக்கு மாறலாம்.

ஓரளவு போய், அதற்கு மேல் ஒரு எம்எம் கூட இறங்கவில்லையா? அது கான்கிரீட் பில்லராகவோ பீமாகவோ இருக்கலாம், உள்ளே கம்பியில் இடித்திருக்கலாம். பலம் கொடுத்து அழுத்தாதீர்கள். இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் ரோட்டரி ஹேமர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

பேட்டரி எப்போது ஆபத்து?

வேலை முடிந்த கையோடு சூடான பேட்டரியைச் சார்ஜில் போடுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. ஆறிய பிறகு போடுங்கள். அதற்கென வந்த சார்ஜரில் மட்டும், மெத்தை, சோபா மேல் இல்லாமல் தரையில் வைத்து, நீங்கள் விழித்திருக்கும்போது சார்ஜ் செய்யுங்கள். வோல்ட் ஒன்றுதானே என்று வேறு சார்ஜரைச் செருக வேண்டாம்.

வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வண்டி டிக்கியிலும் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் மூடிய காருக்குள் இன்னும் அதிகம். ஸ்க்ரூ, சில்லறை கிடக்கும் டப்பாவில் பேட்டரியைப் போட்டால் முனைகள் ஷார்ட் ஆகலாம். சில மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால், பாதி சார்ஜில் கழற்றித் தனியாக, நிழலான இடத்தில் வையுங்கள். பழைய பேட்டரிகளைப் போல முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடணும் என்ற அவசியம் லித்தியம் அயனுக்கு இல்லை.

பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, விநோதமான வாடை வந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. சர்வீஸ் சென்டரிலோ இ-வேஸ்ட் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள்.

ஐந்து நிமிடப் பராமரிப்பு

வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, காற்று போகும் துவாரங்களைக் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். பிட் மாட்டும் சக்கை முழுதாகத் திறந்து, கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டினால் உள்ளே சேர்ந்த தூசி கொட்டிவிடும். உடம்பைத் துடைக்கக் காய்ந்த துணி போதும். தண்ணீர், தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கிறது, புகை வருகிறது என்றால் முதலில் பிட் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் மாற்ற வேண்டியது மெஷினை அல்ல, பிட்டைத்தான்.

இவ்வளவும் செய்ய மொத்தமே பதினைந்து நிமிடம்தான் ஆகும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை சந்தேகம் தீரவில்லையென்றால், அந்த ஒரு துளையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். ஷெல்ஃப் அடுத்த ஞாயிறுகூட மாட்டிக்கலாம்.