வயிறு நிரம்பியும் மாடு மெலிவதேன்?

அறுவடை முடிந்த சில நாட்களுள் எத்தனையோ வயல்களில் வைக்கோல் தீக்கிரையாகின்றது. ஆடி, ஆவணி மாதங்களிற் புல் கருகியதும், அவ்வயல்களின் வரம்புகளிலேயே எலும்புந் தோலுமாக மாடுகள் அலைகின்றன. வைக்கோலைப் பட்டடையாக வைத்துக் காத்த கமக்காரருங்கூட, "மாடு வயிறு நிரம்பத் தின்கின்றது, ஆயினும் பால் வற்றிவிட்டதே" என்று முறையிடுகின்றனர். இதன் காரணத்தை அறிந்தால் பரிகாரமும் எளிதாகும்.

வயிற்றில் நிகழ்வது

மாட்டின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுட் பெரிய அறையில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடு தானாகச் செமிக்கவியலாத நாரை இவையே நொதிக்கச் செய்து, உடலுக்குச் சக்தி தரும் அமிலங்களாக மாற்றுகின்றன. பின்னர் இந்நுண்ணுயிர்களும் குடலிற் செமிபாடடைந்து மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே, மாட்டுக்குத் தீனி இடுபவர் முதலில் இந்நுண்ணுயிர்களுக்கே தீனி இடுகின்றார்.

நெல் வைக்கோலிற் புரதம் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கே உண்டு. நைதரசன் போதாமையால் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. நார் செமிக்க நெடுநேரமாகின்றது. வயிறு காலியாகாமையால் மாடு மேலுந் தின்பதில்லை.

பதப்படுத்தும் முறை

வயலுக்கு இடும் யூரியாவே இக்குறையை நீக்கும். உலர்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு யூரியா 4 கிலோவை நிறுத்தெடுத்து, 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்துக் கொள்க. வைக்கோலைப் படைபடையாகப் பரப்பி, ஒவ்வொரு படைமீதும் கரைசலைப் பூவாளியாற் சமமாகத் தெளித்து, நன்கு மிதித்து அடுக்குக. பொலித்தீன் விரிப்பினாற் காற்றுப் புகாது மூடி, 7 முதல் 10 நாட்கள் வரை வைத்தல் வேண்டும்.

யூரியாவிலிருந்து எழும் அமோனியா வைக்கோலை மென்மையாக்குவதுடன், அதன் நைதரசனையும் ஏறத்தாழ இருமடங்காக்கும். அன்றன்று வேண்டியதை மாத்திரம் எடுத்து, நெடி தணியும்வரை காற்றாடவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்குக. கறவைப் பசுவுக்கு இத்துடன் சீமைக்கிளுவை இலை, தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு என்பனவும் இடுதல் நன்று.

எச்சரிக்கை

யூரியாவைக் குடிநீரிற் கரைத்தோ தனியாகவோ ஒருபோதுங் கொடுத்தல் ஆகாது. நுண்ணுயிர்கள் பயன்படுத்துமுன் அமோனியா மிகுந்து இரத்தத்திற் கலக்கும். நடுக்கம், நுரை தள்ளல், வயிறு ஊதல், மூச்சுத் திணறல் என்பன தோன்றி மாடு விரைவில் இறக்கக்கூடும். இக்குறிகளைக் கண்டவுடன் மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். யூரியாப் பையையும் எஞ்சிய கரைசலையும் மாடுகளுக்கு எட்டாது வைத்திடுக.

ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இவ்வைக்கோல் உதவாது. குதிரைக்கும் கழுதைக்கும் நார் நொதிப்பது பெருங்குடலிலாகும். யூரியாவின் பெரும்பகுதி அங்கு சேருமுன்னரே சிறுகுடலில் உறிஞ்சப்படுதலால், அவற்றுக்கு அதனாற் பயன் சிறிது, தீங்கே அதிகம். ஆதலால் அவற்றுக்கு இதனை இடற்க.

அடுத்த அறுவடையில் வைக்கோலை எரியாது காத்து, முதலில் 100 கிலோவை மட்டும் இவ்வாறு பதப்படுத்திப் பாருங்கள். பயனைப் பால் அளக்கும்போது நீங்களே காண்பீர்கள்.