புயலின் பின் நன்னீர்: மன்னார்த் தீவின் கிணறுகளும் தொண்டர் பணியும்

மன்னார்க் கரையோர வரலாற்றிலே 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலுக்குத் தனியிடம் உண்டு. ஈழத்தின் வடபகுதியை ஊடறுத்துச் சென்ற அப்புயல், டிசெம்பர் 22ஆம் நாள் இரவு எதிர்க்கரையிலிருந்த தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலுள் மூழ்கியது. தலைமன்னாருக்கான கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்தே புறப்படலாயிற்று. புயலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்வழிவோடு நின்றுவிடுவர். கடல் புகுந்த கரையில் மக்கள் மீண்டும் வாழ்வது எங்ஙனம் என்னும் வினா அதனினும் ஆராயத்தக்கது. ஈண்டு அதன் ஒரு கூறாகிய குடிநீரே நோக்கப்படுகின்றது.

மன்னார்த் தீவு மணற்பாங்கானது, ஆறு அற்றது. பேசாலை, தலைமன்னார் முதலிய ஊர்களின் ஆழங்குறைந்த கிணறுகளில் ஊறுவது, மணலூடு வடிந்த மழைநீரே. அடர்த்தி குறைந்த நன்னீர், கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்போர் தனித்தனியே கண்ட விதி. அச்சந்தருவது இதன் மறுதலையாகும்: மேலே ஓரடி குறையின், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி உயர முற்படும்.

புயலலை கிணற்றுள் புகுந்ததும் தொண்டர் முதலில் நாடுவது நீரிறைக்கும் எந்திரத்தையே. வற்ற இறைத்துவிட்டால் உப்பும் போய்விடும் என்பது அவர்தம் நம்பிக்கை. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் கிழக்குக் கரையில் நிகழ்ந்தது இதுவே. நல்லெண்ணத்தோடு வந்தோர் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தனர். உவர்ப்போ எதிர்பார்த்தவாறு நீங்கவில்லை. மிகையாக இறைத்தல் அடியிலுள்ள உவர்நீரை மேலே இழுக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் வற்புறுத்தின. சேற்றையும் குப்பையையும் அகற்றி, ஒருமுறை மெதுவாக இறைத்து, எஞ்சியதை மழைக்கு விட்டுவிடுதலே தக்கது. பொறுத்திருத்தலும் ஒரு தொண்டு என்பதை ஊக்கமிக்க இளைஞர் ஏற்பது எளிதன்று.

மழை எப்போது வரும் என்பதும் இங்கே முக்கியமாகின்றது. வரண்ட வலயத்தைச் சார்ந்த மன்னார், தன் மழையிற் பெரும்பகுதியை ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலான வாடைக்காலத்திலேயே பெறுகின்றது. 2020இல் டிசெம்பர் தொடக்கத்தில் புரெவி கடந்தபோது பருவமழை எஞ்சியிருந்தது. 1964இலோ மார்கழியின் கடைக்கூறு. புயலோடு பெய்த மழை போக, அடுத்த பெருமழைக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் காத்திருத்தல் வேண்டும். அத்தகைய ஆண்டில் பெருநிலத்திலிருந்து பவுசர்களில் நீர் கொணர்தல் சில வாரப் பணியன்று. வெளியூர்த் தொண்டர் திரும்பிய பின்னரும் தொடரவேண்டிய பணி. அதனைக் கொண்டு நடத்தவல்லவை கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் போன்ற ஊர் அமைப்புகளே. எக்கிணறு கோடையிலும் இனிக்கும், எது ஆனியிலேயே கரிக்கும் என்பதை அறிந்தவரும் அவ்வூர்ப் பெண்களே. எந்திரத்தை இறக்குமுன் அவர்களைக் கேட்டல் நன்று.

உயர்ந்த மணற்றிட்டிகளின் கீழேதான் நன்னீர் வில்லை தடித்து நிற்கும். தீவில் கனியமணல் அகழ்தலை 2025இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தமையை இதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். திட்டியை அகழ்ந்துவிட்ட ஊரில், அடுத்த புயலின் பின் மழை பெய்யினும் அந்நீர் தங்குவதற்கு இடம் குறைந்தே இருக்கும்.