பழைய கணினியை மாற்றத்தான் வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள், கால நீட்டிப்புக்குப் பதிவு செய்தவர்களுக்குத் தவிர, அடைக்கப்படமாட்டா. பிள்ளைகள் பாடம் தட்டச்சு செய்ய மட்டும் என்றால் அவசரமில்லை. அதிலேயே வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள், உதவித்தொகைக்கு ஆதார் நகல் ஏற்றுகிறீர்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கடைக்காரர் “புதுசு வாங்கிடுங்க பாய்” என்றதும் பணத்தை எடுத்துவிட வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை இயக்குங்கள்; விண்டோஸ் 11-ஐ உங்கள் கணினி ஏற்குமா என்று அதுவே சொல்லும். பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை தேறாது. டிபிஎம் 2.0 இல்லை என்று காட்டினால் மட்டும் கலங்காதீர்கள். பல கணினிகளில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், பயாஸ் அமைப்பில் இயக்கிக்கொள்ளலாம். தேறினால் மாற்றம் இலவசம். 4 ஜிபி ரேம் போதும் என்கிறது நிறுவனம். 8 இல்லாவிட்டால் பொறுமை சோதிக்கப்படும் என்பேன்.

தேறாத கணினியில் லினக்ஸ் மின்ட் போடலாம். அதுவும் இலவசம்தான். டேலியில் கடைக்கணக்கு எழுதுபவர்களுக்கு மட்டும் சரிப்படாது. எதைச் செய்வதானாலும் கல்யாணப் படங்களையும் பத்திர நகல்களையும் முதலில் வேறொரு ஹார்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடும்போது பழையது எதுவும் மிஞ்சாது.