கட்டத்தை மீறிய கோடுகள், கழன்று விழும் எழுத்துகள்

ஜப்பானில் சிறுமியருக்கென வெளிவரும் ‘ஷோஜோ மங்கா’ என்னும் படக்கதைகளை 1950களில் பெரும்பாலும் ஆண்களே வரைந்துவந்தனர் என்பதும், 1970களில் அத்துறை ஏறக்குறைய முழுதாகப் பெண்களின் கைக்கு வந்துவிட்டது என்பதும் இன்று அவற்றை விரும்பிப் படிப்போர் பலர் எண்ணிப் பாராத செய்திகள். இம்மாற்றத்தோடு சேர்த்துப் பேசப்படுவோர் ‘24ஆம் ஆண்டுக் குழு’வினர். ஷோவா பேரரசர் ஆட்சியின் 24ஆம் ஆண்டான 1949ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் என்பதால் பிறர் இட்ட பெயரே அது. அவர்கள் சங்கம் அமைத்துக்கொண்டவர்கள் அல்லர். அவர்களுள் சிலர் 1970 முதல் 1973 வரை டோக்கியோவின் நெரிமா பகுதியில் ஒரு வாடகை வீட்டில் கூடிப் பேசியும் வரைந்தும் வந்தனர்.

கதைப்பொருளில் மட்டுமன்றிப் பக்கத்தின் அமைப்பிலும் அவர்கள் துணிந்தனர்: கட்டங்களின் எல்லைக்கோட்டை அழித்து ஒன்றன்மேல் ஒன்றைப் படரவிட்டனர், பேச்சுக் குமிழுக்குள் அடங்காத மனமொழியைப் பூக்களுக்கும் கூந்தலுக்கும் இடையே மிதக்கவிட்டனர். இதற்கான முன்னோடிகள் ஆண் ஓவியர்களிடையேயும் உண்டு எனச் சிலர் சுட்டுவர். இத்துணிவுக்கு வரவேற்பு உடனே கிடைத்துவிடவில்லை: 1974இல் அக்குழுவின் ஓவியர் ஒருவர் வரைந்த ‘தாமஸின் இதயம்’ தொடரின் முதல் பகுதி வாசகர் வாக்கெடுப்பில் கடைசி இடத்துக்குப் போனபோது அதை நிறுத்திவிடும் பேச்சு எழுந்தது. அதே ஓவியரின் ‘போ குலம்’ நூலின் முதல் தொகுதியின் 30,000 படிகளும் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தபின் அப்பேச்சு அடங்கியது.

அச்சுப்படிக்குக் கிடைத்த இம்மதிப்பு மூலத்தாளுக்குக் கிடைக்கவில்லை என்பதே கவலைக்குரியது. ஓவியரின் கை நேரடியாகப் பட்ட அத்தாளில் மையும், பிழை மறைக்கும் வெள்ளைப் பூச்சும், நிழல் காட்டுவதற்காக வெட்டி ஒட்டப்படும் ‘ஸ்க்ரீன்டோன்’ என்னும் புள்ளியிட்ட மெல்லிய ஒட்டுத்தாளும் இருக்கும். உரையாடலை ஓவியர் பென்சிலால் எழுதித் தர, இதழ் அலுவலகத்தில் அதை ஒளி அச்சுக்கோப்பு முறையில் எழுத்தாக்கி மேலே ஒட்டினர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பசை பழுப்பேறுகிறது, வெள்ளை உதிர்கிறது, எழுத்துகள் கழன்று விழுகின்றன. அச்சுத்தகடு செய்யும்வரை தேவைப்படும் கச்சாப்பொருள் என்றே அன்று கருதப்பட்டதால், முற்காலத்தில் தாள்கள் ஓவியருக்குத் திரும்பாமற்போனதும் உண்டு, வாசகருக்குப் பரிசாக அனுப்பப்பட்டதும் உண்டு. 

இச்சிதைவைக் கண்ட அக்குழுவின் மற்றோர் ஓவியர், கியோட்டோவில் பேராசிரியராகப் பணியாற்றியபோது, 2001இல் ‘கெங்கா டேஷ்’ என்ற நகலாக்கப் பணியைத் தொடங்கினார். மூலத்தாளைக் கணினியில் நுண்மையாகப் பதிந்து, நிறத்தை மூலத்தோடு ஒப்பிட்டுத் திரும்பத் திரும்பத் திருத்தி, ஓரத்துப் பென்சில் குறிப்பும் வெள்ளைப் பூச்சின் தடமும் புலப்படுமாறு அச்சிடுவது அம்முறை. வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும் மூலம் இருட்டில் இருக்க, கண்காட்சிகளுக்கு அந்நகல்களே பயணப்படுகின்றன.