கடைக்குப் போக நேரம் கேட்டு நின்ற காலம்

டாக்டரைப் பார்க்க நேரம் குறித்து வாங்குகிறோம். பத்திரம் பதியவும் நாள் குறித்துத் தருகிறார்கள். ஆனால் மதுக்கடைக்குப் போகவும் நாளும் நேரமும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்ற நிலை கேரளத்தில் 2020 மே மாதம் வந்தது. "நமக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே" என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இன்று ரயில், ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட் என்று எல்லாமே கைப்பேசிப் பதிவுக்கு மாறி வருகின்றன. ஒரு பழைய முறையை ஒரே இரவில் புதிய இடத்துக்கு மாற்றினால் யார் தலையில் விடியும் என்பதற்கு இந்தக் கதையை விட நல்ல சாட்சி கிடையாது.

ஊரடங்கு 2020 மார்ச் 25ஆம் தேதி தொடங்கியதுமே, கேரள அரசு நிறுவனமான பெவ்கோவின் கடைகள் மூடப்பட்டன. குடிக்கு அடிமையானவர்கள் தவித்தார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் செய்திகள் வந்தன. டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு ஓர் உத்தரவு போட, டாக்டர்கள் எதிர்த்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 2ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் நடந்தது வேறு. மே 7ஆம் தேதி டாஸ்மாக் கடைகள் திறந்தன, கூட்டம் அலைமோதியது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் விற்பனை தவிர மற்றது கூடாது என்று கடைகளை மூடச் சொன்னது. மே 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, மறுநாள் கடைகள் மீண்டும் திறந்தன. இங்கே கைப்பேசிக்கு வேலையே இல்லை. கடைக்கு ஒரு நாளைக்கு 500 டோக்கன், நாளுக்கு ஒரு நிறம். காகிதத் துண்டுதான்; ஆனாலும் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

பாறசாலையில் இருப்பவருக்குக் களியக்காவிளை கூப்பிடு தூரம். ஆனால் அப்போது இஞ்சிவிளையில் சோதனைச்சாவடி; பாஸ் இல்லாமல் தாண்ட முடியாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று போட்ட கோடு இத்தனை கனமாகத் தெரிந்தது அந்தச் சில மாதங்களில்தான்!

மே 28: முதல் நாள் கூத்து

கேரளம் கண்ட வழி 'பெவ்க்யூ' என்ற செயலி. கொச்சியைச் சேர்ந்த ஃபேர்கோட் டெக்னாலஜீஸ் என்ற சிறு நிறுவனம் செய்து கொடுத்தது. பெயரும், கைப்பேசி எண்ணும், பின்கோடு எண்ணும் கொடுக்க வேண்டும். பாறசாலைக்காரர் என்றால் 695502. கைப்பேசிக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை அடித்தால் எந்தக் கடை, எத்தனை மணி என்று டோக்கன் கிடைக்கும். நான்கு நாளைக்கு ஒரு முறைதான். கடை வாசலில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் நிற்கக் கூடாது. திட்டம் ஏட்டில் அழகாகத்தான் இருந்தது.

மே 27ஆம் தேதி செயலி வெளியானது. மறுநாள் காலையில் விற்பனை. இடையில் இருந்தது ஒரே இரவு! இரண்டு மாதம் காத்திருந்த மாநிலமே ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தியது. ரகசிய எண் பலருக்கு வரவே இல்லை. வந்தவர்களுக்கோ, அதன் ஆயுள் முடிந்த பிறகு வந்தது. கவுண்டர் ஊழியர்களின் பாடு அதைவிட மோசம். டோக்கனைச் சரிபார்க்கும் செயலி பல கடைகளில் வேலை செய்யவில்லை. வாசலில் ஆள் நிற்கிறார், கையில் டோக்கன் இருக்கிறது. அது மெய்யா பொய்யா என்று அறிய வழியில்லை. சில இடங்களில் எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு சரக்கைக் கொடுத்தார்கள். புதிய முறை வந்த முதல் நாளே கை தானாகப் பேனாவைத் தேடிப் போயிற்று.

சாதாரணக் கைப்பேசி வைத்திருப்பவரை அரசு மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பி.எல். என்ற எழுத்துகளும் பின்கோடும் பெயரும் அடித்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கள்ளிக்காட்டுப் பக்கம் ரப்பர் வெட்டும் தொழிலாளியோ, கட்டட வேலைக்கு வந்த நம்மவரோ ஆங்கில எழுத்தில் செய்தி அடித்துப் பழகியவரா? பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட வேண்டும். 'தம்பி, ஒரு டோக்கன் போட்டுக் கொடு' என்று மதுவுக்காகப் பிள்ளைகளிடம் கேட்க வைத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு புகாரும் எழுந்தது. டோக்கன் பெவ்கோ கடைகளுக்கு மட்டுமல்ல, பார்களுக்கும் பகிர்ந்து தரப்பட்டது. கடையைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவர் அல்ல, செயலி. பார்களுக்கே அதிக டோக்கன் போகிறது, அரசுக் கடைகளில் விற்பனை சரிகிறது என்று குரல் எழுந்தது. வரிசையில் நின்றால் முன்னால் எத்தனை பேர் என்று கண்ணால் எண்ணிக்கொள்ளலாம். செயலிக்குள் இருக்கும் வரிசையை யார் எண்ணுவது?

2021 ஜனவரியில் பெவ்க்யூவை அரசே கைவிட்டது. இரண்டாவது ஊரடங்குக்குப் பின், அந்த ஆண்டு ஜூனில், பழைய செயலியை மறுபடி கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். தயார் செய்ய நாளாகும் என்றதும் அதுவும் போயிற்று. கடைகள் செயலி இல்லாமலே திறந்தன. வாசலில் கூட்டம் நெரிய, ஜூலையில் உயர் நீதிமன்றம் கண்டித்தது.

இரண்டாம் முறை

2021 ஆகஸ்ட் 17ஆம் தேதி பெவ்கோ வேறு வழியில் இறங்கியது. செயலி இல்லை, தன் இணையதளத்திலேயே முன்பதிவு. மாநிலம் முழுவதும் ஒரே நாளில் அல்ல. திருவனந்தபுரம், எறணாகுளம், கோழிக்கோடு ஆகிய இடங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கினார்கள். கடையை வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, குறுஞ்செய்தி வந்ததும் தனி கவுண்டரில் போய் எடுத்துக்கொள்ளலாம். முக்கியமாக, பழைய வரிசையை எடுத்துவிடவில்லை. பாங்கிக் கணக்கும் இணையமும் உள்ளவர் இந்தப் பக்கம். நோட்டை மடித்துக் கையில் வைத்திருப்பவர் அந்தப் பக்கம்.

முதல் முறை இல்லாமல் போனது இந்த அந்தப் பக்கம்தான். நாளைக்கு ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ புதிய பதிவு முறைக்கு மாறுகிறது என்று அறிவிப்பு வந்தால், நம்மவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் செயலி என்பதல்ல. பழைய கவுண்டர் எத்தனை நாள் திறந்திருக்கும்?