வந்தார்களா, கொண்டுவரப்பட்டார்களா?

வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லாரும் கடந்து வந்த வாக்கியம் ஒன்று உண்டு. ரப்பர் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியர்கள் கொண்டுவரப்பட்டார்கள். தமிழ்ப்பள்ளியில் இதைத் தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாயில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். இரண்டு மொழியிலும் வினைச்சொல் ஒரே மாதிரிதான். யாரோ கொண்டுவந்தார்கள், இவர்கள் மூட்டைபோல வந்து இறங்கினார்கள்.

அந்த ஒரு வினைச்சொல்லை வைத்து அறிஞர்கள் அரை நூற்றாண்டாக வாதாடுகிறார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அதுவும் சுற்றுவழியில். அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய ஆய்வுத் துறை குறித்து ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. படிக்கப் படிக்க, இது நம் வீட்டுக் கதையாக அல்லவா இருக்கிறது என்று தோன்றியது.

அந்தத் துறை சும்மா கிடைத்துவிடவில்லை. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஐந்து மாதம் நீடித்த போராட்டத்தின் பலனாகத்தான் அங்கே கறுப்பின ஆய்வியலுக்குத் தனித்துறை உறுதியானது. துறை வந்ததும் உள்ளுக்குள் விவாதம் ஆரம்பித்தது. மொலேஃபி அசாந்தே போன்றவர்கள், ஆப்பிரிக்காவை நடுவில் வைத்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றார்கள். பழம்பெருமை பேசினால் இன்றைய கூலியும் குடியிருப்பும் மறந்துபோகும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

இதற்கு நிகரான கதை நம்மிடம் அதற்கும் முன்பே நடந்திருக்கிறது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகம் 1950களில் இந்திய ஆய்வியல் துறை ஒன்றைத் தொடங்கத் திட்டமிட்டது. ஆலோசனை சொல்ல வந்தவர் சோழர் வரலாற்றை எழுதிய நீலகண்ட சாஸ்திரியார். அவர் முதன்மை கொடுக்கச் சொன்னது சமஸ்கிருதத்துக்கு. இங்குள்ள இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதால் கொதிப்பு எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பத்திரிகை வாசகர்களும் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1956ல் துறை தொடங்கியபோது தமிழுக்கு அங்கே இடம் இருந்தது. பள்ளிக்கூட வாசலையே பார்த்திராத பலர் ஒரு பல்கலைக்கழகத் துறைக்காகக் காசு கொடுத்திருக்கிறார்கள். இது ஏன் நம் பாடநூலில் வருவதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்தத் துறைக்கு 1961ல் தலைவராக வந்த தனிநாயகம் அடிகள் சங்க இலக்கியத்தை உலக அரங்குக்குக் கொண்டுபோனார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966ல் கோலாலம்பூரில் நடந்ததற்கு அவரே காரணம். ஆனால் பால்மரம் வெட்டிய தமிழரைப் பற்றிய ஆராய்ச்சி வேறு வழியில் வளர்ந்தது. கெர்னியல் சிங் சாந்து 1969லும், யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் 1970லும் மலாயா இந்தியர் பற்றி நூல்கள் வெளியிட்டார்கள். சாந்துவின் கணக்குப்படி 1786க்கும் 1957க்கும் இடையில் இங்கு வந்த இந்தியர்கள் 40 இலட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் திரும்பிப் போய்விட்டார்கள். திரும்பிப் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். மூட்டை திரும்பிப் போகாது.

பிறகு 1974ல் ஒரு வெடி விழுந்தது. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் தம் நூலுக்கு 'புதிய அடிமை முறை' என்று பெயர் வைத்தார். சொல் அவருடையதல்ல, பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரசல் 1840லேயே சொன்னது. ஆப்பிரிக்கர்களை அடிமைப்படுத்துவது சட்டத்தில் ஒழிந்த கையோடு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை அனுப்பத் தொடங்கினார்கள். ஆளை மாற்றினார்கள், அமைப்பை மாற்றவில்லை என்பது டிங்கரின் வாதம்.

எதிர்வாதம் வந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. ஃபிஜியில் ஓர் ஒப்பந்தக் கூலியின் பேரனாகப் பிறந்தவர் பிரிஜ் லால். வட இந்தியாவிலிருந்து ஃபிஜிக்குப் போன 45,000க்கும் மேற்பட்டவர்களின் குடிபெயர்வுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து 1983ல் ஒரு நூல் எழுதினார். எல்லாரும் ஏமாந்து கப்பல் ஏறியவர்கள் அல்லர். பலர் ஊரைவிட்டு முன்பே வேலை தேடிப் புறப்பட்டவர்கள் என்று காட்டினார். தாத்தாவை அப்பாவி என்று சொன்னால் அது அனுதாபம்தான், ஆனால் அதில் தாத்தாவின் மூளைக்கு இடமில்லை.

கறுப்பின ஆய்வியலிலும் இதே இழுபறி. ஜமைக்காவில் பிறந்த ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982ல், அடிமையாக்கப்பட்டவன் உயிரோடு இருந்தும் சமூகத்தில் இறந்தவன் என்றார். உறவில்லை, முன்னோர் இல்லை, மானம் இல்லை. வின்சென்ட் பிரவுன் 2009ல் அதைத் திருப்பிக் கேட்டார்: அப்படியானால் அவர்கள் நடத்திய ஈமச்சடங்குகளும் கலகங்களும் என்ன? ஃபிராங்க் வில்டர்சன் போன்றோர் இன்னும் கடுமையாகப் போய், அடிமை என்பவன் தொழிலாளியே அல்லன், மற்ற யாருடைய துன்பத்தோடும் அதை ஒப்பிடாதீர்கள் என்கிறார்கள். நம் மேடைகளில் 'அடிமைகளாக வந்தோம்' என்று முழங்கும்போதெல்லாம் எனக்கு வில்டர்சன் நினைவுக்கு வருகிறார். ஆளையே சொத்தாக விற்று, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்ற முறையின் பெயரை நாம் இரவல் வாங்குவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

அதிலும் ஜொகூர்க்காரர்களுக்கு டிங்கரின் சட்டை சரியாகப் பொருந்தாது. ஒப்பந்த முறை முக்கியமாகப் பினாங்கு, செபராங் பிறை கரும்புத் தோட்டங்களின் காலத்தது. மலாயாவுக்கு அந்த முறையில் ஆள் எடுப்பது 1910ல் நின்றது. ஜொகூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது 1909ல். இங்கே காடு அழிந்து ரப்பர் பரவியபோது ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் சொந்த ஊருக்குப் போவார், சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டி வருவார். சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு யாரும் வேலையை விடலாம். ஆனால் லயத்து வீடு, மளிகைக் கடன், கங்காணிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே. விட்டுவிட்டு எங்கே போவது? மைக்கல் ஸ்டென்சன் போன்றோர், சட்டத்தில் சுதந்திரம் எழுதியிருப்பதைக் காட்டாதே, கூலியையும் கடனையும் காட்டு என்று சொன்னதன் அர்த்தம் இதுதான். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தார்கள். சைக்கிள் வாங்கும் அளவுக்கு மிச்சம் பிடித்தவர்கள், ஆனால் அதில் உட்கார்ந்தபடி போக முடியாதவர்கள். அடிமை, சுதந்திரம் என்ற இரண்டு சொல்லிலும் இவர்கள் அடங்கவில்லை.

என் பாட்டியின் அப்பா 1920களின் கடைசியில் ரஜூலா கப்பலில் வந்தவர். லாபிஸ் பக்கத் தோட்டம் ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்ட கங்காணி வேறு யாருமல்லர், அவருடைய சொந்த அண்ணன். கங்காணிக்குத் தோட்டத்திலிருந்து ஆள் கணக்கில் காசு உண்டு. அதாவது தம்பி வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் அண்ணனுக்கு ஏதோ கிடைத்திருக்கிறது. அவர் தம்பிக்குச் சோறு போட்டவரா, தம்பியை வைத்துச் சம்பாதித்தவரா? பாட்டிக்கு இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "பெரியப்பா இல்லேன்னா நாமெல்லாம் ஏதுடா?" என்றார்.

பாட்டி பேசும்போது வினைச்சொல்லைக் கவனித்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னால் "பொழைக்க வந்தாரு". அம்மாவைப் பற்றிச் சொன்னால் "கூட்டியாந்தாங்க". ஒரே குடும்பம், ஒரே தோட்டம், இரண்டு வினை. மலாயாத் தோட்டப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா 2021ல் வெளியிட்ட ஆய்வு நூல், 'கூட்டிவரப்பட்ட' பெண்களும் நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள், கணவனை விட்டு விலகியிருக்கிறார்கள், கிடைத்த சிறு இடைவெளியில் முடிவெடுத்திருக்கிறார்கள் என்று பழைய ஆவணங்களிலிருந்து காட்டுகிறது. என் கொள்ளுப்பாட்டி என்ன முடிவெடுத்தார் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. பாட்டியின் நினைவு மட்டும்தான்.

'கூலி' என்ற சொல்லும் இப்படித்தான். நமக்கு அது சம்பளம். வெள்ளைக்காரன் வாயில் அது ஆளையே குறிக்கும் வசையானது. மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுள்ளி 1992ல் அந்த வசையையே எடுத்து 'கூலித்துவம்' என்ற பொருள்பட ஒரு கருத்தை உருவாக்கினார். அதற்கு முன்மாதிரி, எமே செசேர் முதலான கறுப்பினக் கவிஞர்கள் தங்கள்மீது எறியப்பட்ட வசைச்சொல்லையே பெருமையாக்கிக் கட்டிய இயக்கம். என்னால் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாட்டி முன்னால் சொல்லிப் பார்த்தேன், முகம் சுளித்தார்.

நம் பக்கம் அதிகம் பேசப்படாத ஒன்று சாதி. கறுப்பின ஆய்வியலில் பெண்கள் எழுந்து, நிறத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா என்று கேட்டதுபோல, இங்கே இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984லேயே மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு பற்றி நூல் எழுதிவிட்டார். பழைய தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. பாட்டியிடம் இதையும் கேட்டேன். தமிழ்நாட்டில் எந்த ஊர் என்றால் உடனே சொல்கிறார். எந்தத் தெரு என்றால், தேத்தண்ணி ஆறுகிறது, குடி என்கிறார். கைப்பேசியில் பதிவை நிறுத்திவிட்டேன். பாட்டியின் தங்கை கூலாயில் இருக்கிறார். அவர் கொஞ்சம் தாராளமாகப் பேசுவார். அடுத்த விடுமுறையில் அங்கே போகிறேன்.