தலைமைக் காரியாலயம் எங்கே?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் உள்ளது படப்பை. காலை வேளையில் அங்கே நின்றால், ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். ஒரு நாள் அவ்வாறு நின்றிருந்தபோது, பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர், "ஐயா, புல்லட் மோட்டார் சைக்கிள் இங்கிலீஷ்காரர் கம்பெனியா, நம் கம்பெனியா?" என்று கேட்டார். கேள்வி எளியது, விடை அவ்வளவு எளியதன்று.

ராயல் என்ஃபீல்டு பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்னும் ஊரில். 1955ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனியாரும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூட்டுச் சேர்ந்தனர். திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோயிற்று. தாய்மரம் பட்டது, ஒட்டு தழைத்தது. 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை வந்தது. இன்று அதன் தலைமைக் காரியாலயம் சென்னையில் இருக்கிறது. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில் உள்ள தொழில்நுட்ப நிலையந்தான் கிளை!

இது காலம் பெயர்த்த தலைமை. முதலாளிகள் தாமே தீர்மானித்துப் பெயர்ப்பதும் உண்டு.

ஆலையைப் பெயர்ப்பது பெருங்காரியம். இயந்திரங்களைக் கழற்ற வேண்டும். பழகிய தொழிலாளிகளைப் பிரிய வேண்டும். தலைமையைப் பெயர்ப்பதோ அப்படியன்று. நிர்வாகக் குழு எங்கே கூடுகிறது, கம்பெனி எந்த நாட்டுச் சட்டப்படி பதிவாகியிருக்கிறது, கணக்கு எங்கே முடிக்கப்படுகிறது என்பவைதாம் அங்கே முக்கியம். அதிகாரிகள் சிலரும் பத்திரங்கள் சிலவும் இடம் மாறினால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். ஆலையில் சங்கு ஊதுவது ஒரு நாளும் நிற்காது. இதனாலேயே சாமானிய மக்கள் இதைக் கவனிப்பதில்லை.

பிரிட்டனில் மட்டும் ஒருமுறை நாடு முழுவதும் கவனித்தது. 2016ஆம் ஆண்டு ஜூன் 23ந் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று அந்நாட்டு மக்களிடம் வோட்டுக் கேட்கப்பட்டது. விலகுவதற்கு நூற்றுக்கு 51.9 பங்கு வோட்டுகள் விழுந்தன. இந்த விலகலுக்குத்தான் 'பிரெக்ஸிட்' என்று பெயர். தூசி உறிஞ்சும் கருவிகளால் புகழ் பெற்ற ஜேம்ஸ் டைசன் விலகலை வெளிப்படையாக ஆதரித்த தொழிலதிபர். தனித்து நின்றாலும் பிரிட்டன் செழிக்கும் என்பது அவர் கட்சி. 2019 ஜனவரியில் அவருடைய கம்பெனி, தன் தலைமையைச் சிங்கப்பூருக்கு மாற்றப் போவதாக அறிவித்தது.

கூச்சல் எழுந்ததில் வியப்பில்லை. "ஊருக்கு உபதேசமா?" என்று எதிர்த்தரப்பார் கேட்டனர். கம்பெனியார் சொன்ன விடையையும் நாம் கேட்க வேண்டும். பிரெக்ஸிட்டோ வரியோ காரணமன்று. வாணிபம் ஆசியாவில் வளர்கிறது, ஆகவே ஆசியாவுக்குப் போகிறோம். இப்போது இடம் மாறுபவர்கள் மேலதிகாரிகள் இருவரே என்றனர். இதை முழுப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. உற்பத்தி 2002லேயே மலேசியாவுக்குப் போய்விட்டது. கை முன்னே போயிற்று, தலை பின்னே போயிற்று; நடுவில் வந்ததுதான் வோட்டு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டைசன் கம்பெனிக்குக் கடல் கடக்கும் வசதி இருந்தது. அவர் சொல்லைக் கேட்டு வோட்டளித்தவருக்கு அது இல்லை. யோசனை சொல்பவரும் அதன் பலனை அநுபவிப்பவரும் ஒரே படகில் இல்லாதபோது, அந்த யோசனையை இரண்டு முறை நிறுத்துப் பார்ப்பது வோட்டாளரின் பொறுப்பு.

விலகலுக்கு அஞ்சி இடம் மாறியவர்களும் உண்டு. ஜப்பானின் பானசோனிக் கம்பெனி 2018இல் தன் ஐரோப்பியத் தலைமையை லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோயிற்று.

வடகிழக்கு இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்றொரு நகரம். அங்கே 1986 முதல் நிசான் கார் ஆலை நடக்கிறது. செய்த கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கே போயிற்று. அப்படியிருந்தும் அந்நகரத்தார் நூற்றுக்கு 61 பேர் விலகவே வோட்டளித்தனர். எக்ஸ்-ட்ரெயில் என்னும் புதிய காரை அங்கே செய்வோம் என்று 2016 அக்டோபரில் நிசான் சொல்லிற்று; 2019 பிப்ரவரியில் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆலை மூடப்படவில்லை. எனினும், ஊர் வோட்டுப் போட்டது ஓரிடம், ஊரின் கதியைத் தீர்மானித்தது வேறோரிடம். அது ஜப்பானில் உள்ள யோகஹாமா.

ஒரகடத்தில் 2010இல் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் ஆலையும் அந்த யோகஹாமாவின் குடும்பந்தான். 2025இல் நிசான் அதில் தனக்கிருந்த பங்கை ரெனோவுக்கு விற்றது. நிசான் கார்களும் அங்கேயே தொடர்ந்து செய்யப்படும் என்று ஏற்பாடாயிற்று. உடைமை கை மாறியது. படப்பை வழியாகப் போகும் பஸ் மாறவில்லை.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் மாணவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, "என் அண்ணன் அந்தக் கார் ஆலையில்தான் வேலை செய்கிறார், ஐயா. அப்படியானால் அவருடைய ஆலைக்குத் தலை எங்கே?" என்றார்.

"முன்பு பெரும்பாலும் யோகஹாமா, இப்போது பாரிஸ் பக்கம்" என்றேன்.

"அண்ணனுக்கு இது தெரியுமோ என்னவோ! இன்றிரவு கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.